வானில் சுற்றும் வெப்பமானி சொல்வது என்ன?



பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "நிலத்தில் இருக்கும் வெப்பமானிகளில் பல, நகரங்களுக்குள்ளே தார்ச் சாலைக்கும் கான்கிரீட் கட்டடத்துக்கும் நடுவில் இருக்கின்றன. அவை சூட்டைத்தானே காட்டும்? வானத்திலிருந்து துணைக்கோளம் அளந்து பார்த்தால் பூமி அப்படியொன்றும் சூடாகவில்லையாமே?" என்று கேட்கிறார்கள்.

இதை விதண்டாவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990களில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன்னால் வரை போன கேள்வி இது. கோடிக்கணக்கான மக்களின் எரிபொருள், தொழில், வேலை ஆகியவற்றைத் தொடுகிற முடிவுகள் இதற்குக் கிடைக்கும் பதிலைச் சார்ந்திருந்தன. ஆகவே துணைக்கோளம் எப்படி வெப்பத்தை அளக்கிறது, அதில் எங்கே சிக்கல் வந்தது, இன்று என்ன தெரிகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தொடாமல் அளப்பது எப்படி?

சார்ஸ் நோய் பரவிய 2003ஆம் ஆண்டிலும் பிறகு கொவிட் காலத்திலும் விமான நிலையத்திலும் பள்ளி வாசலிலும் நம்மையெல்லாம் நிறுத்தி நெற்றிக்கு நேரே ஒரு கருவியைக் காட்டினார்கள் அல்லவா? அது நம் உடம்பைத் தொடவில்லை. ஆனாலும் காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லிவிட்டது. சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சூடு கூடினால் கதிரும் கூடும். கருவி அந்தக் கதிரைத்தான் அளக்கிறது.

காற்றும் அப்படித்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அந்தப் பிராணவாயுவின் மூலக்கூறுகள் வினாடிக்கு 5,000 கோடி முதல் 6,000 கோடி முறை துடிக்கும் நுண்ணலைகளை வெளியிடுகின்றன. நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதும் நுண்ணலைதான். ஆனால் அதன் துடிப்பு வினாடிக்குச் சுமார் 245 கோடிதான். பிராணவாயுவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அதன் அளவு பினாங்கிலும் சரி, பாரிஸிலும் சரி, கடலுக்கு மேலேயும் சரி, ஒரே மாதிரி இருக்கும். அளவு மாறாதபோது, வருகிற நுண்ணலையின் வலிமை மாறினால் அதற்குக் காரணம் வெப்பம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்த கேள்வி: எந்த உயரத்துக் காற்றின் வெப்பம்? துணைக்கோளம் சுமார் 850 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கீழே பார்க்கிறது. நடுவில் காற்று மண்டலம் முழுவதும் இருக்கிறதே?

இதற்கு நம் வட்டாரத்து உதாரணமே கைகொடுக்கும். 1997, 2015ஆம் ஆண்டுகளில் வந்த புகைமூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புகை அடர்த்தியாக இருந்த நாளில் எதிர் புளோக் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்சம் கலைந்த நாளில் நாலு தெரு தள்ளியுள்ள கட்டடமும் தெரிந்தது. பிராணவாயுவும் நுண்ணலைக்கு ஒரு புகைமூட்டம் போலத்தான். சில துடிப்பெண்களில் அது மிக அடர்த்தியான மூட்டம். அந்த எண்ணில் பார்த்தால் மேலே உள்ள அடுக்கு மட்டுமே துணைக்கோளத்துக்குத் தெரியும். வேறு சில எண்களில் மூட்டம் மெல்லியது. அப்போது கீழடுக்கு வரை பார்வை போகும். ஆகவே நாலைந்து துடிப்பெண்களில் பார்த்தால் நாலைந்து உயரங்களின் வெப்பம் கிடைத்துவிடுகிறது.

இந்த வேலையைச் செய்த முதல் கருவித் தொடருக்கு எம்எஸ்யூ என்று பெயர். 1978ஆம் ஆண்டின் இறுதியில் டைரோஸ்-என் என்ற அமெரிக்க வானிலைத் துணைக்கோளத்தில் அது மேலே போனது. அதன் பிறகு நோவா வரிசைத் துணைக்கோளங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தது. 1998ல் ஏவப்பட்ட நோவா-15 முதல், கூடுதல் அலைவரிசைகள் கொண்ட ஏஎம்எஸ்யூ என்ற கருவி அதன் இடத்துக்கு வந்தது. பூமியைத் துருவம் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 14 முறை சுற்றிவருவதால், பாலைவனம், பசிபிக் பெருங்கடல், அமேசான் காடு என்று வெப்பமானியே இல்லாத இடங்களும் அதன் கணக்கில் வந்துவிடுகின்றன. இதுதான் இதன் பெரும் பலம்.

கருவி தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் விதமும் அழகானது. ஒவ்வொரு முறை பூமியைப் பார்த்து முடித்ததும் அதன் கண்ணாடி இரண்டு இடங்களைப் பார்க்கும். ஒன்று வெறும் விண்வெளி. அதன் வெப்பம் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் என்பது நமக்குத் தெரியும். மற்றொன்று கருவிக்குள்ளேயே வைத்த ஒரு தகடு. அதன் சூட்டைப் பிளாட்டினம் வெப்பமானிகள் அளந்துகொண்டே இருக்கும். தெரிந்த இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் பூமியின் அளவைப் பொருத்துகிறார்கள்.

ஆரம்பத்தில் வந்த முடிவு

ஒன்றை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கருவிகள் நாளை மழை வருமா என்று சொல்வதற்காகச் செய்யப்பட்டவை. நாற்பது ஆண்டுகளில் ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றத்தைக் கண்டுபிடிப்பது அவற்றின் வேலையாக இருந்ததில்லை. வீட்டில் அரிசி நிறுக்கும் தராசை நகைக்கடைக்கு எடுத்துப்போனது மாதிரிதான்.

அந்தத் துணிச்சலான முயற்சியில் இறங்கியவர்கள் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில் வேலை பார்த்தவர்கள். 1990ல் 'சயன்ஸ்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, 1979 முதல் 1988 வரை பத்தாண்டுகளில் குறிப்பிடும்படியான ஏற்றம் எதுவும் இல்லை என்றது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்களது கணக்கு லேசான குளிர்ச்சியைக்கூடக் காட்டியது. அதே காலத்தில் நிலத்து வெப்பமானிகள் சூட்டைக் காட்டின.

அப்போது இரண்டு தரப்பு உருவாகிவிட்டது. நிலத்து வெப்பமானிதான் தவறு என்றார்கள் ஒரு சாரார். துணைக்கோளம்தான் தவறு என்றார்கள் மறுசாரார். மேலே பறக்கவிடும் வானிலைப் பலூன்களின் அளவுகளும் ஹன்ட்ஸ்வில் கணக்கோடு ஓரளவு ஒத்துப்போனதால் சிக்கல் இன்னும் கூடியது.

துணைக்கோளம் கீழே இறங்கியது

1998ல் விடை வரத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். துணைக்கோளம் அதே உயரத்தில்தான் இருக்கிறதா?

இல்லை. 850 கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. அது உரசிக்கொண்டே இருப்பதால் துணைக்கோளம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் ஆண்டுகளில் அந்த மேல்காற்று விரிவதால் உரசல் இன்னும் அதிகம். சரி, சில கிலோமீட்டர் இறங்கினால் என்ன? கீழடுக்கின் வெப்பத்தைப் பிரித்தெடுக்க ஹன்ட்ஸ்வில் குழு ஒரு வழியைக் கையாண்டது. நேர் கீழே பார்க்கும் அளவையும் பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கும் அளவையும் ஒப்பிட்டுக் கழிப்பார்கள். உயரம் குறைந்தால் சாய்வின் கோணம் மாறுகிறது. கோணம் மாறினால் கழித்தலில் வரும் விடையும் மாறுகிறது. பூமி குளிராமலேயே குளிர்ந்ததாகக் கணக்கு காட்டும். அதைச் சரிசெய்தபோது, பத்தாண்டுக்கு 0.05 டிகிரி குளிர்ச்சி என்றிருந்தது 0.07 டிகிரி சூடு என்று மாறியது.

தலைகீழாகப் போட்ட குறி

இரண்டாவது சிக்கல் நேரம். பிற்பகலில் பறக்கும் துணைக்கோளம் எல்லா நாளும் ஒரே உள்ளூர் நேரத்தில் நம் தலைக்கு மேலே வரவேண்டும். ஆனால் பாதை மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். 1988ல் ஏவப்பட்ட நோவா-11 முதலில் பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்பு கடந்தது. 1994 வாக்கில் மாலை 5 மணியை நெருங்கிவிட்டது. மதியம் இரண்டு மணி வெயிலையும் மாலை ஐந்து மணி வெயிலையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் உலகம் குளிர்ந்துவிட்டது போலத்தானே தெரியும்? அதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும். ஹன்ட்ஸ்வில் குழுவும் போட்டிருந்தது. ஆனால் 2005ல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் சோதித்துப் பார்த்தபோது, வெப்ப மண்டலப் பகுதிகளுக்கான அந்தத் திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறி தலைகீழாக இருந்தது தெரியவந்தது. கிறிஸ்டியும் ஸ்பென்சரும் அதை ஏற்றுக்கொண்டு தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். பத்தாண்டுக்கு 0.09 டிகிரிக்கு அருகில் இருந்தது 0.12க்கு உயர்ந்தது.

விமர்சித்தவர்களின் திருத்தத்தை ஏற்று அச்சில் ஒப்புக்கொள்வது எல்லாரும் செய்கிற காரியம் அல்ல. அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதே சமயம், பதினைந்து ஆண்டுகளாக "துணைக்கோளம் பொய் சொல்லாது" என்று மேடையில் முழங்கியவர்கள் இந்தத் திருத்தத்தை அதே சத்தத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை.

பலூன்களும் தப்பவில்லை. சிங்கப்பூரிலிருந்தும் சிப்பாங், கூச்சிங், கோத்தா கினபாலு போன்ற இடங்களிலிருந்தும் வெப்பம், ஈரப்பதம் அளக்கும் சிறு கருவியோடு வானிலைப் பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில், நம் கணக்கில் காலை 8 மணி, இரவு 8 மணி அளவில் பறக்கும். சுமார் 30 கிலோமீட்டர் உயரம் வரை போய் வெடித்துவிடும். 2005ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பகலில் போகும் பலூன் கருவிகளில் வெயில் நேராகப் பட்டு அளவைக் கூட்டிக் காட்டியதைச் சுட்டியது. பழைய கருவிகளில் இந்தத் தவறு அதிகம், புதியவற்றில் குறைவு. ஆகவே ஆண்டுகள் போகப் போகக் காற்று குளிர்வதுபோல ஒரு பொய்த் தோற்றம். இவ்வளவும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க அரசின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, உலகச் சராசரியில் நிலத்து அளவுக்கும் துணைக்கோள அளவுக்கும் இருந்த பெரிய முரண்பாடு இனி இல்லை என்று எழுதியது. அதை எழுதியவர்களில் கிறிஸ்டியும் ஒருவர்.

மேலே குளிர்கிறது, அது ஏன்?

இனி வருவதுதான், என் பார்வையில், இந்தத் துணைக்கோளங்கள் தந்த மிக முக்கியமான செய்தி.

நாம் வாழும் கீழடுக்கில் மேகம், மழை, இடி எல்லாம் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நமக்கு அது சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரம் வரை. அதற்கு மேலே 50 கிலோமீட்டர் வரை உள்ள அடுக்கில்தான் ஓசோன் படலம் இருக்கிறது. பூமியைச் சூடாக்குவது சூரியன்தான் என்றால் இரண்டு அடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். ஆனால் 1979 முதல் துணைக்கோளங்கள் காட்டுவது என்ன? கீழடுக்கு சூடாகிறது. மேலடுக்கு குளிர்கிறது.

காரணத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஓசோன், சூரியனின் புற ஊதாக் கதிரை விழுங்கி மேலடுக்கைச் சூடாக்குகிறது. அங்குள்ள கரியமில வாயு அந்தச் சூட்டை விண்வெளிக்கு வீசுகிறது. கார் ரேடியேட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரியமில வாயு கூடினால் ரேடியேட்டர் பெரிதாகிறது. மேலடுக்கு குளிர்கிறது. கீழே கதை வேறு. காற்று அடர்த்தியாக இருப்பதால் ஒரு மூலக்கூறு விடும் கதிரை அடுத்தது பிடித்துக்கொள்கிறது. சூடு எளிதில் வெளியேற முடிவதில்லை.

சியூகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967லேயே கணக்குப் போட்டு இதைச் சொல்லிவிட்டார்கள். அப்போது அளந்து பார்க்கத் துணைக்கோளமே இல்லை. மனாபேக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வேலை பார்த்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பின்னர் இயக்குநரான, டில்லியில் படித்த வி. ராமசாமி, மேலடுக்கு குளிர்வதில் ஓசோன், எரிமலை, கரியமில வாயு ஆகியவற்றின் பங்கைப் பிரித்துக்காட்டியவர்களில் முக்கியமானவர்.

பிரித்துக்காட்ட வேண்டிய தேவை இருந்தது. 1982ல் மெக்சிகோவின் எல் சிச்சோன், 1991ல் நம் பக்கத்து நாடான பிலிப்பீன்ஸின் பினாதுபோ ஆகிய எரிமலைகள் வெடித்தபோது, மேலே போன கந்தகத் துகள்கள் கதிரை விழுங்கி மேலடுக்கைச் சில காலம் சூடாக்கின. கீழே சற்றுக் குளிர்ந்தது. துகள்கள் அடங்கியபின் மேலடுக்கு முன்னிருந்ததைவிடக் கீழே இறங்கியது. மேலடுக்கின் அடிப்பகுதி குளிர்ந்ததில் பெரும்பங்கு ஓசோன் குறைந்ததால் வந்தது. 1987ல் மொன்ட்ரியால் ஒப்பந்தம் வந்து ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களுக்குத் தடை விழுந்த பிறகு, 1990களின் இறுதியிலிருந்து அந்தப் பகுதியில் குளிர்தல் பெரும்பாலும் நின்றிருக்கிறது. ஆனால் அதற்கும் மேலே, 25 கிலோமீட்டர் முதல் 50 கிலோமீட்டர் வரை, குளிர்தல் நிற்கவில்லை. பெஞ்சமின் சான்டர் குழுவினர் 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி 1986க்குப் பிறகு அங்கே ஏறத்தாழ 2 டிகிரி குறைந்திருக்கிறது. சூரியனின் கதிர்வீச்சையும் துணைக்கோளங்கள் அதே காலம் முழுவதும் அளந்திருக்கின்றன. பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறதே தவிர, தொடர்ந்து கூடவில்லை. இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "எல்லாம் சூரியனின் வேலை" என்ற வாதத்துக்கு நிற்க இடமில்லை.

அந்த உயரத்தை 1979 முதல் 2006 வரை அளந்தது பிரிட்டன் செய்துகொடுத்த எஸ்எஸ்யூ என்ற கருவி. அதற்குள்ளே கரியமில வாயு அடைத்த ஒரு சிறு கலம் உண்டு. கலத்தில் உள்ள வாயுவோடு ஒப்பிட்டுத்தான் வெளியே உள்ளதை அளக்கும். அந்தக் கலம் மெல்ல ஒழுகியது! வாயுவின் அழுத்தம் மாற மாற, கருவி பார்க்கும் உயரமும் மாறிக்கொண்டே போனது. போதாக்குறைக்குக் காற்று மண்டலத்தின் கரியமில வாயுவும் ஆண்டுதோறும் கூடியது. இதையெல்லாம் கணக்கில் எடுத்துப் பழைய பதிவுகளைச் சீர்செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன.

மேலடுக்கு குளிர்ந்தது இன்னொரு வழியிலும் குழப்பியது. எம்எஸ்யூ கருவியின் நடு அலைவரிசை கீழடுக்கை அளப்பதற்கானது என்றாலும், அதன் பார்வையில் ஒரு சிறு பகுதி மேலடுக்கிலும் விழும். மேலே குளிர்வது கீழே சூடாவதைக் கொஞ்சம் மறைத்துவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாங் ஃபூவும் மற்றவர்களும் 2004ல் அந்தக் கலப்பைக் கழித்துக் காட்டினார்கள்.

இன்றும் தீராத கணக்கு

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. அதே கருவிகளின் அதே பதிவுகளை வைத்துக்கொண்டு, கீழடுக்கு பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி சூடாகிறது என்கிறது ஹன்ட்ஸ்வில் குழு. 0.2க்குச் சற்று மேல் என்கிறது கலிஃபோர்னியாக் குழு. இரு பழைய துணைக்கோளங்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாத இடங்களில் எதை நம்புவது, நேரத் திருத்தத்தை எப்படிப் போடுவது என்பதில்தான் வேறுபாடு. சூடாகிறதா இல்லையா என்பதில் இரு குழுவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நம் பகுதியைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல. மாலை நேரத்தில் இங்கே கொட்டும் இடிமழையை நினைத்துப் பாருங்கள். கடலிலிருந்து எழுந்த நீராவி மேலே போய் மழையாகும்போது, தன்னிடம் இருந்த வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. எனவே வெப்ப மண்டலத்தில் தரையைவிடப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடு அதிகமாகக் கூட வேண்டும் என்பது கணக்கு. பல கணினி மாதிரிகள் காட்டும் அந்தக் கூடுதல், துணைக்கோள அளவுகளில் அதே அளவுக்கு இல்லை. மாதிரிகள் மிகையா, கருவிகளின் குறையா, கடலின் இயல்பான ஏற்ற இறக்கமா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். மூன்றுக்கும் பங்கிருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

இங்கேதான் புதிய முறை ஒன்று உதவுகிறது. காரில் வழிகாட்டும் ஜிபிஎஸ் துணைக்கோளங்களின் சமிக்ஞை, காற்று மண்டலத்தின் விளிம்பைக் கடந்துவரும்போது சற்று வளையும். எவ்வளவு வளைகிறது என்பது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடலாம். இது கடிகார நேரத்தை அளக்கும் வேலை என்பதால் தகடு சூடானது, கலம் ஒழுகியது என்ற தொல்லைகள் கிடையாது. தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து 2006லும் 2019லும் இதற்கென ஆறு ஆறு துணைக்கோளங்களை அனுப்பின. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்த வேலொக்ஸ்-சிஐ என்ற சிறு துணைக்கோளமும் இதே முறையில் வெப்ப மண்டலக் காற்றை ஆராய, 2015 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில் பூமத்திய ரேகையை ஒட்டிய பாதைக்குப் போனது.

பழைய நோவா வரிசையில் கடைசியாக மிஞ்சியிருந்த மூன்று துணைக்கோளங்களுக்கும் 2025ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நோவா-15 இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தது. ஏடிஎம்எஸ் என்ற புதிய நுண்ணலைக் கருவியைத் தாங்கிய நோவா-20, நோவா-21 ஆகியவை மேலே இருக்கின்றன. ஐரோப்பாவின் அடுத்த தலைமுறை மெட்டோப் துணைக்கோளமும் 2025 ஆகஸ்ட்டில் ஏவப்பட்டது. இவை ஒன்றையொன்று சில காலமாவது சேர்ந்து பறந்து, ஒரே காற்றை ஒரே சமயத்தில் அளக்க வேண்டும். அப்போதுதான் பழைய கருவியின் கணக்கைப் புதியதோடு இணைக்க முடியும். 1980களில் அப்படிச் சேர்ந்து பறந்த காலம் சில இடங்களில் மிகக் குறைவாக அமைந்துவிட்டது. அந்தச் சில மாதக் குறையைத்தான் இரண்டு குழுக்களும் இன்றுவரை வெவ்வேறு விதமாக நிரப்பிக்கொண்டிருக்கின்றன.